வுல்வரின் ஏன் ஜப்பானுக்குப் போனான்?

2013இல் ஹாலிவுட்டில் சூப்பர்ஹீரோ படங்களுக்குப் பஞ்சமே இல்லை. மே மாதம் 'அயர்ன் மேன் 3', ஜூனில் 'மேன் ஆஃப் ஸ்டீல்', ஆண்டுக் கடைசியில் இரண்டாவது 'தோர்'. முந்தைய ஆண்டு 'தி அவெஞ்சர்ஸ்' அள்ளிய வசூலைப் பார்த்த ஸ்டுடியோக்கள் எல்லாம் ஒரு படத்தின் வாலில் அடுத்த படத்தின் தலையைக் கட்டும் வேலையில் இறங்கியிருந்தன. அந்த நேரத்தில், ஜூலைக் கடைசியில் வந்த 'தி வுல்வரின்' மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. உலகம் அழியப்போவதில்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு யாரும் இறங்கவில்லை. அவனுடைய சூப்பர்ஹீரோ குழுவான எக்ஸ்மென் கூட்டாளிகள் ஒருவர்கூட உதவிக்கு இல்லை. ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார், அவரைப் பார்க்க ஒருவன் டோக்கியோவுக்குப் போகிறான், போன இடத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் வாரிசுச் சண்டையில் சிக்கிக்கொள்கிறான். கதை அவ்வளவுதான்.

லோகன் என்ற வுல்வரினுக்கு எலும்பெல்லாம் அடமான்டியம் என்ற உடையாத உலோகம், கையிலிருந்து நீளும் நகங்கள், குண்டு பாய்ந்தாலும் நிமிடத்தில் ஆறிவிடும் உடம்பு. இப்படிப்பட்ட ஒருவனை வைத்துத் தனியாகப் படம் எடுப்பதில் அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. அவனுக்கு எதுவும் ஆகாது என்று பார்வையாளருக்கு முதலிலேயே தெரியும். இன்னும் பெரிய வில்லனைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கமான தீர்வு. இந்தப் படம் பிடித்த வழி வேறு: ஹீரோவை அவனுக்குத் தெரியாத ஒரு நாட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கே அவனைச் சிறியவனாக்குவது. என் கணிப்பில் அந்த உத்தி முக்கால் படம் வரை பிரமாதமாக வேலை செய்கிறது. பிறகு படமே அதைக் கைவிட்டுவிடுகிறது. இரண்டுக்கும் என்ன காரணம் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வுல்வரினுக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பு சினிமாக்காரர்கள் உருவாக்கியதில்லை. மார்வல் காமிக்ஸில் 1979லேயே லோகன் ஜப்பானுக்குப் போயிருக்கிறான். மரிக்கோ யாஷிடா என்ற பெண்ணைச் சந்திப்பது அப்போதுதான். ஜப்பானிய மொழி அவனுக்குத் தெரிகிறது என்பதைக் கண்டு சக எக்ஸ்மென்களே வியக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிற தோரணையில் அவன் பதில் சொல்கிறான். 1982இல் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்டும் ஓவியர் ஃபிராங்க் மில்லரும் சேர்ந்து நான்கு இதழ்கள் கொண்ட ஒரு குறுந்தொடரை வெளியிட்டார்கள். அதுவரை குழுவில் ஒருவனாக, பல்லைக் கடித்துக்கொண்டு திரியும் முரடனாக இருந்த வுல்வரினுக்குக் கிடைத்த முதல் தனித்தொடர் அதுதான். கிளேர்மான்ட் அவனை ஒரு தோற்றுப்போன சாமுராயாகக் கற்பனை செய்தார். உள்ளே மிருகம், மேலே ஒழுக்கம், இரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி. மில்லரோ அந்த ஆண்டுகளில் மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸில் மூழ்கிக் கிடந்தவர்; 'டேர்டெவில்' தொடரில் நிஞ்ஜாக்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தக் காமிக்ஸில் மறக்க முடியாத ஒரு கட்டம் வருகிறது. மரிக்கோவின் தந்தை ஷிங்கென், லோகனை மரவாள் சண்டைக்கு இழுக்கிறார். ஏற்கெனவே விஷம் ஏறித் தள்ளாடிக்கொண்டிருப்பவனை, மகளின் கண்ணெதிரிலேயே அடித்து வீழ்த்துகிறார். தோல்வியைவிட அவமானம்தான் அவனுக்கு வலிக்கிறது. அதற்கப்புறம் கதை முழுக்க, போன மானத்தை அவன் எப்படி மீட்கிறான் என்பதுதான். குண்டு போட்டாலும் சாகாதவனை மானத்தில் அடிக்கலாம் என்று கிளேர்மான்ட் கண்டுபிடித்தார். அந்த அடி விழுவதற்கு மானத்தைப் பெரிதாக நினைக்கும் ஒரு களம் வேண்டும். ஜப்பான் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சூழலும் இதற்குத் தோதாக இருந்தது. 1980இல் சாமுராய்க் காலத்து ஜப்பானில் நடக்கும் 'ஷோகன்' தொலைக்காட்சித் தொடரை அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது. ஜப்பானியக் கார்கள் அமெரிக்கக் கார்த் தொழிலின் மையமான டெட்ராய்ட்டைக் கதிகலங்க வைத்துக்கொண்டிருந்தன. பயமும் மோகமும் கலந்த அந்தப் பார்வை காமிக்ஸிலும் ஒட்டிக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்துப் படமாக வந்தபோதும் அது முழுக்க உதிரவில்லை.

சினிமாவாவதற்கு முன் இந்தக் கதை நிறைய அலைக்கழிந்தது. 2009இல் வந்த முதல் தனிப்படமான 'எக்ஸ்மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்' வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்தில் கசிந்தது, விமர்சகர்களும் துவைத்துத் தொங்கவிட்டார்கள். அப்படியும் 37 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அதனால் அடுத்த படம் நிச்சயமானது. கிறிஸ்டோபர் மெக்குவாரி திரைக்கதை எழுதினார். டேரன் அரனாஃப்ஸ்கி இயக்குவதாக இருந்தது. எதன் தொடர்ச்சியும் இல்லாத தனிப்படமாக இது இருக்கும், அதனால்தான் எண் ஏதுமின்றி வெறும் 'தி வுல்வரின்' என்று பெயர் வைக்கிறோம் என்று 2010இல் வுல்வரினாக நடித்த ஹ்யூ ஜாக்மன் பேட்டிகளில் விளக்கினார். 2011 மார்ச்சில், கிட்டத்தட்ட ஓராண்டு குடும்பத்தைப் பிரிந்து வெளிநாட்டில் இருக்க முடியாது என்று அரனாஃப்ஸ்கி விலகினார். அதே மாதம்தான் ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் புரட்டிப்போட்டன. படம் தள்ளிப்போனது.

பிறகு வந்தவர் ஜேம்ஸ் மேன்கோல்ட். அவர் செய்த முதல் முக்கியமான மாற்றம் கதையின் காலத்தை நகர்த்தியது. 2006இல் வந்த மூன்றாவது எக்ஸ்மென் படத்தின் முடிவில், தான் நேசித்த ஜீன் கிரேயைத் தன் கையாலேயே லோகன் கொல்ல நேர்ந்தது. மேன்கோல்ட் கதையை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். நான் நேசிப்பவர்கள் எல்லாரும் சாவார்கள் என்ற பொருளில் ஒரு வரியைத் திரைக்கதைப் பிரதியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். சாவே வராதவனுக்கு அதுதான் தண்டனை. தனிப்படம் என்ற பேச்சு இருந்தாலும், பழைய படங்களின் துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை அறுத்துவிட்டார். கெட்டிக்காரத்தனமான வேலை.

படம் நாகசாகியில் தொடங்குகிறது. 1945 ஆகஸ்ட் 9. போர்க்கைதியாக ஒரு குழிக்குள் அடைபட்டிருக்கும் லோகன், அணுகுண்டு விழும் கணத்தில் யாஷிடா என்ற இளம் ஜப்பானிய அதிகாரியை அந்தக் குழிக்குள் இழுத்துத் தன் உடம்பால் மூடிக் காப்பாற்றுகிறான். மற்ற அதிகாரிகள் மண்டியிட்டு வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்கள். இந்தக் காட்சிக்கு வரலாற்றில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. நாகசாகி நகரத்துக்குள்ளேயே நேசநாட்டுப் போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. குண்டு வெடித்த மையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள். அன்று அங்கே கைதிகளும் இறந்தார்கள். வானத்தில் விமானத்தைப் பார்த்ததும் அதிகாரிகள் எல்லாரும் சடங்காகத் தற்கொலை செய்துகொள்வது மட்டும் சினிமா.

பல பத்தாண்டுகள் கழித்து யாஷிடா பெரும் தொழிலதிபர். சாகும் தறுவாயில் கடனைத் தீர்க்க ஆசைப்படுகிறார். செஞ்சோற்றுக் கடன் கதைகளை எத்தனையோ கேட்டவர்கள் நாம். இங்கே கடன் தீர்க்கும் விதம்தான் விசித்திரம்: "உனக்கு நான் சாவைத் தருகிறேன்" என்கிறார் கிழவர். சாகாவரத்தைத் தனக்கு மாற்றிக்கொண்டு, லோகனுக்கு ஒரு சாதாரண மனிதனின் முடிவைக் கொடுப்பாராம். நன்றியா, திருட்டா என்று பிரிக்க முடியாத அந்தப் பேரம்தான் படத்தின் நல்ல பகுதிகளை எல்லாம் இயக்குகிறது.

இதன்பின் லோகனின் ஆறும் சக்தி மெல்லக் குறைகிறது. குண்டு பாய்ந்தால் ரத்தம் நிற்க மறுக்கிறது. நடக்கும்போது மூச்சு வாங்குகிறது. இது உடம்பு சார்ந்த பறிப்பு. இன்னொரு பறிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, அதைத்தான் நான் அதிகம் ரசித்தேன். காமிக்ஸில் ஜப்பானிய மொழி தெரிந்தவனாக இருந்த லோகனைப் படம் வேண்டுமென்றே பட்டிக்காட்டான் ஆக்கியிருக்கிறது. யாஷிடா வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கிழவிகள் அவனைத் தொட்டியில் தள்ளி, எருமையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். சாப்பிடும்போது சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துகிறான். சாவு வீட்டில் ஊதுபத்தி ஏற்றுவதுபோல இருக்கிறது என்று யாஷிடாவின் பேத்தி மரிக்கோ அவற்றை எடுத்து ஒழுங்காக வைக்கிறாள். சுற்றிலும் பேச்சு நடக்கிறது, அவனுக்குப் பாதி புரிவதில்லை. யார் யாருக்கு எதிரி, இறுதிச் சடங்கில் நிற்பவர்களில் யார் யாக்குசா கும்பல், யார் பிக்கு என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நம் சினிமா ஹீரோ வெளிநாடு போவது நேரெதிரான காரியத்துக்காக. 'உலகம் சுற்றும் வாலிபன்' படக்குழு ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சிக்கே போய்ப் படம்பிடித்தது. பின்னணியில் எத்தனை அதிசயம் நின்றாலும் எம்.ஜி.ஆர். அதைவிடப் பெரிதாகத் தெரிந்தார். ஜாக்மனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

திரையில் தெரியும் ஜப்பானில் பாதி ஆஸ்திரேலியா என்பது பலருக்குத் தெரியாது. அன்றைய பிரதமர் ஜூலியா கில்லார்டின் அரசு 1.28 கோடி ஆஸ்திரேலிய டாலரை ஒருமுறை மானியமாகக் கொடுத்து இந்தப் படத்தைச் சிட்னிக்கு இழுத்தது. நாகசாகி முகாம் சிட்னிக்குத் தெற்கே கர்னெல் கடற்கரையில் எழுந்தது. கனடாவின் யூகான் பகுதியில் வரும் ஊருக்காகப் பிக்டன் என்ற சிற்றூர் வேடம் போட்டது. டோக்கியோ தெரு ஒன்று பாராமட்டாவில் முளைத்தது. இறுதியில் நிஞ்ஜாக்கள் சூழும் பனிமலைக் கிராமத்தை ஒலிம்பிக் பூங்காவின் வண்டி நிறுத்தும் இடத்தில் அரங்கமாகக் கட்டி, செயற்கைப் பனியைக் கொட்டினார்கள். அசல் ஜப்பானில் படப்பிடிப்பு 2012 ஆகஸ்ட் கடைசியிலிருந்து சில வாரங்கள்: டோக்கியோ, ஹிரோஷிமா மாகாணத்தின் டோமோனோவுரா துறைமுகம், எஹிமே மாகாணத்தின் ஒமிஷிமா தீவு. கதையில் நாகசாகி என்று வரும் அமைதியான கடலோரக் காட்சிகள் செட்டோ உள்நாட்டுக் கடலோரத்தில் எடுத்தவை. அசல் நாகசாகி அங்கிருந்து மேற்கே சில நூறு கிலோமீட்டர்.

டோக்கியோக்காரர்களைச் சிரிக்க வைத்தது துரத்தல் காட்சி. இறுதிச் சடங்கு நடப்பது ஸோஜோஜி கோயிலில். ஜப்பானை ஆண்ட தோக்குகாவா வம்சத்தின் கோயில் அது, ஷோகன் என்ற ஆட்சியாளர்கள் ஆறு பேரின் கல்லறை அங்கே இருக்கிறது, பின்னால் டோக்கியோ கோபுரம் தெரியும். அங்கிருந்து மரிக்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் லோகன், வடமேற்கே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தக்காதானோபாபா தெருக்களில் வந்து விழுகிறான். அங்கிருந்து ஊரின் இன்னொரு கோடியில் உள்ள உவேனோ ரயில் நிலையம். தெற்கே நாகசாகி நோக்கிப் போக வேண்டியவர்கள், வடக்கே போகும் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்கள் நிற்கும் நிலையத்தில் ஏறுகிறார்கள்! எழும்பூரிலிருந்து டில்லிக்கு வண்டி ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகசாகிக்குள் ஷின்கான்சென் பாதை வந்ததே 2022 செப்டம்பரில்தான். இன்றும் நடுவில் ஓர் இடத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

ஆனாலும் அந்த ரயில் சண்டை இந்தப் படத்தின் உச்சம். பெட்டிக்குள் தொடங்கும் கைகலப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. காற்று அடித்துத் தூக்க, நகங்களைத் தகட்டில் குத்தித் தொங்குகிறான் லோகன். யாக்குசா அடியாட்கள் கத்தியைக் கூரையில் செருகிப் பிடித்துக்கொள்கிறார்கள். எதிரே இரும்புச் சட்டங்கள் விர்ரென்று வருகின்றன. ஒன்றுக்குக் குனிய வேண்டும், ஒன்றுக்குக் குதிக்க வேண்டும். கடைசியில் லோகன் குதிப்பதுபோலப் பாவனை காட்டுகிறான். எதிராளி நம்பிக் குதிக்கிறான், சட்டத்தில் மோதிக் காணாமல் போகிறான். நகத்துக்கு அங்கே வேலையே இல்லை, சிறுபிள்ளை விளையாட்டுத் தந்திரம். சக்தி குறைந்த ஹீரோ மூளையைப் பயன்படுத்தியாக வேண்டியிருக்கிறது, அதனால்தான் அந்தச் சண்டை உயிரோடு இருக்கிறது.

இயற்பியல் பார்ப்பவர்களுக்கு: டோக்கியோவிலிருந்து தெற்கே போகும் ஷின்கான்சென் அப்போது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை ஓடியது. அந்த வேகத்தில் நிமிர்ந்து நிற்பவன் மார்பில் காற்று தோராயமாக 150 முதல் 200 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளும். அதைக்கூடச் சமாளிக்கலாம் என்று வையுங்கள், தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. உலோக எலும்புக்கூடு உள்ளவன் அங்கே துள்ளிக் குதித்தால் என்ன ஆகும் என்பதைப் படம் நாசூக்காக மறந்துவிட்டது.

இனி அந்த நாடு எப்படிக் காட்டப்பட்டது என்ற கேள்வி. சாமுராய், நிஞ்ஜா, யாக்குசா, பச்சிங்கோ சூதாட்டக் கூடம், புல்லட் ரயில், விசித்திர அறைகள் கொண்ட காதல் விடுதி. ஜப்பான் என்றதும் ஒரு வெளியூர்க்காரன் மனதில் ஓடும் பட்டியலில் எதையும் படம் விட்டுவைக்கவில்லை. உள்ளூர்க்காரர்களைவிட வெள்ளைக்காரன்தான் அவர்கள் வீரத்தைச் சரியாகப் புரிந்துகொள்கிறான் என்ற பழைய ஹாலிவுட் வாடையும் அடிக்கிறது. மரிக்கோ பாதிப் படம் கடத்தப்படுகிறாள், மீதிப் படம் காப்பாற்றப்படுகிறாள். இவை நியாயமான குறைகள்தான், பூசி மெழுக வேண்டியதில்லை.

ஆனால் ஹாலிவுட்டில் அந்தக் கோடையில் இத்தனை ஆசிய முகங்களை முன்னிறுத்திய சூப்பர்ஹீரோ படம் வேறு கிடையாது. லோகனையும் வைப்பர் என்ற வில்லியையும் தவிர்த்தால் கதையை நகர்த்துபவர்கள் எல்லாரும் யாஷிடா குடும்பமும் அதைச் சுற்றியிருப்பவர்களும்தான். மரிக்கோவாக வந்த டாவோ ஒகமோட்டோவும் யுக்கியோவாக வந்த ரீலா ஃபுகுஷிமாவும் மாடலிங் துறையிலிருந்து வந்தவர்கள், இருவருக்கும் ஹாலிவுட் புதிது. சிவப்பு முடியும் வாளுமாகச் சுற்றும் யுக்கியோ படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மற்றவர்களின் சாவை முன்கூட்டியே பார்க்கும் சக்தி அவளுக்கு. சாகாதவன் பக்கத்தில் அவளை நிறுத்தியது அருமையான யோசனை. ஷிங்கெனாக நடித்த ஹிரோயுகி சனாடா வாள் பிடித்து நிற்கும் விதத்திலேயே ஒரு வாழ்நாள் பயிற்சி தெரியும். அதே சனாடா பின்னாளில் புதிய 'ஷோகன்' தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, உரையாடல் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்த அத்தொடருக்காக 2024இல் எம்மி விருது வாங்கினார். 2013இல் அந்த அளவு உரிமையை எந்த ஸ்டுடியோவும் அவருக்குக் கொடுத்திருக்காது.

ஷிங்கெனும் லோகனும் மோதும் காட்சியோடு படம் முடிந்திருக்க வேண்டும். காமிக்ஸ் அங்கேதான் முடிகிறது: ஒரு வீடு, இரண்டு பேர், போன மானம். படத்திலோ அந்தச் சண்டை முடிந்த பிறகுதான் கடைசிப் பாகமே தொடங்குகிறது. பனிக் கிராமத்தில் நிஞ்ஜாக்கள் கயிறு கட்டிய அம்புகளை எய்து, லோகனின் முதுகை முள்ளம்பன்றிபோல் ஆக்கி இழுத்துச் சாய்க்கும் காட்சி வரை பரவாயில்லை. ஒற்றை மனிதனை ஊரே சேர்ந்து கட்டி இழுக்கிறது, கண்ணுக்கும் புதிது. அதற்குப் பிறகு மலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம், அடமான்டியத்தில் செய்த ராட்சச இயந்திர சாமுராய், பாம்பு நாக்கு வில்லி. எந்த நாட்டில் வேண்டுமானாலும் நடக்கக்கூடிய சண்டை. அதுவரை படத்துக்குத் தேவைப்பட்ட ஜப்பான் அங்கே சட்டென்று தேவையற்றுப் போகிறது. சக்தி குறைந்த ஹீரோவோடு 12 கோடி டாலர் செலவான ஒரு கோடைப்படத்தை முடிக்க ஸ்டுடியோவுக்குத் துணிச்சல் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நிஞ்ஜா காட்சிகளில் ரத்தம் தெறிக்கும் நீண்ட வடிவம் பின்னர் வீட்டுக்காட்சிக்கு வந்தது. அதில் யுக்கியோ பனி அள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு புகுந்து விளையாடுகிறாள். இறுதிச் சண்டை அதிலும் மாறவில்லை.

வசூல் ஸ்டுடியோவைக் காப்பாற்றியது. உலகம் முழுக்க 41 கோடி டாலருக்கு மேல், அதில் அமெரிக்காவின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 2009 படத்தைவிடக் குறைந்த வருமானம். அயல்நாட்டுக் கதை அயல்நாடுகளில் ஓடியது.

தனிப்படம் என்ற வாக்குறுதியைப் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரைகூடக் காப்பாற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து என்று ஒரு விமான நிலையக் காட்சி வருகிறது. எக்ஸ்மென் படங்களின் வில்லன் மேக்னீட்டோவும் குழுத் தலைவர் பேராசிரியர் சேவியரும் வந்து நின்று அடுத்த படத்துக்கு அழைப்பு வைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அடுத்த படம் இதைச் சட்டைசெய்யவே இல்லை. ஜப்பானில் லோகனின் உலோக நகங்கள் வெட்டப்பட்டு, எலும்பு நகங்களோடு ஊர் திரும்பியிருந்தான். 2014இல் வந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்தின் எதிர்காலக் காட்சிகளில் உலோக நகங்கள் மறுபடி முளைத்திருக்கின்றன, எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. இனி உனக்கு மெய்க்காப்பாளர் நான்தான் என்று சொல்லி லோகனோடு விமானம் ஏறிய யுக்கியோ அதில் தலைகாட்டவே இல்லை. 2018இல் 'டெட்பூல் 2' படத்தில் அதே பெயரில் ஒருத்தி வந்தாள், அவள் வேறு ஆள், வேறு நடிகை.

மேன்கோல்டுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. ஜப்பான் படத்துக்குத் தனக்குத் தூண்டுதலாக இருந்தவை என்று அவர் வெளியிட்ட பத்துப் படங்களின் பட்டியலில் சாமுராய் படங்களுக்கு நடுவே 'ஷேன்' என்ற பழைய கௌபாய் படமும் இருந்தது. 2017இல் அவர் எடுத்த 'லோகன்' படத்தில் ஒரு ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் அதே 'ஷேன்' ஓடுகிறது. அதிலும் லோகனின் காயம் ஆற மறுக்கிறது. இந்த முறை வயதுவந்தோருக்கான சான்றிதழோடு, குறைந்த செலவில், ராட்சச இயந்திரம் எதுவும் இல்லாமல் எடுத்தார்கள். 61 கோடி டாலருக்கு மேல் வசூலானது.